ஹப்பர்ட் புரூக் சூழல் மண்டல ஆய்வு

ஹப்பர்ட் புரூக் சூழல் மண்டல ஆய்வு என்பது, ஒரு காட்டுக்குள் ஊட்டப்பொருட்கள் எவ்வாறு நுழைகின்றன, எவ்வாறு சுழல்கின்றன, எவ்வாறு வெளியேறுகின்றன என்பதை நேரடியாக அளந்து அறியும் பொருட்டு 1963ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சையர் மாநிலத்தில் தொடங்கப்பட்ட நீண்டகால அறிவியல் ஆய்வு ஆகும். ஒரு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியை முழுச் சூழல் மண்டலமாகக் கொண்டு, அதற்குள் வரும் பொருளையும் அதிலிருந்து வெளியேறும் பொருளையும் கணக்கிடுவதே இதன் அடிப்படை முறையாகும். காட்டை அழித்தால் மண்ணின் வளம் நீரோடு வெளியேறும் என்பதற்கும், வட அமெரிக்காவில் அமில மழை பொழிகிறது என்பதற்கும் இவ்வாய்வு முக்கியமான சான்றுகளை அளித்தது.

பின்னணி

சூழல் மண்டலம் ஒன்றில் ஆற்றல் ஒரே திசையில் பாய்கிறது. சூரிய ஒளியாக உள்ளே வரும் ஆற்றல், உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் வெப்பமாக வெளியேறுகிறது. பருப்பொருள் அவ்வாறு செல்வதில்லை. கால்சியம், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தனிமங்கள் மண்ணிலிருந்து தாவரங்களுக்கும், தாவரங்களிலிருந்து விலங்குகளுக்கும், பின்னர் உதிர்ந்த இலைகள், கழிவுகள், இறந்த உடல்கள் வழியாகப் பாக்டீரியாக்கள், பூஞ்சைகள் முதலிய சிதைப்பவற்றுக்கும் சென்று மீண்டும் மண்ணை அடைகின்றன. இது ஊட்டப்பொருள் சுழற்சி எனப்படும்.

இச்சுழற்சி முற்றிலும் மூடிய ஒன்றன்று. மழை, தூசி, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் நுண்ணுயிரிகள் ஆகியவற்றின் வழியாகப் புதிய தனிமங்கள் வருகின்றன. பாறைகளும் கனிமங்களும் சிதைவதாலும் தனிமங்கள் கிடைக்கின்றன. ஓடை நீர், மண்ணரிப்பு, வளிமங்கள் ஆகியவற்றின் வழியாக ஒரு பகுதி வெளியேறுகிறது. உள்ளே சுழலும் அளவு எவ்வளவு, கசிந்து வெளியேறும் அளவு எவ்வளவு, கசிவைத் தடுத்து வைப்பது எது என்னும் வினாக்களுக்கு 1960களின் தொடக்கம் வரை முழுக் காடு ஒன்றின் அளவில் தெளிவான விடை இருக்கவில்லை. தனித்தனி மரங்களையும் மண் மாதிரிகளையும் ஆராய்ந்து பெற்ற முடிவுகளை ஒன்றுகூட்டியே காடு முழுவதும் மதிப்பிடப்பட்டு வந்தது.

வரலாறு

ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காடு, ஒயிட் மவுண்டன் தேசியக் காட்டின் ஒரு பகுதியாகும். காடுகளுக்கும் நீர்வளத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்காக ஐக்கிய அமெரிக்க வனத்துறை 1955இல் இதனை நிறுவியது. ஓடைகளின் நீரளவு ஏற்கெனவே அங்கு அளக்கப்பட்டு வந்தது.

டார்ட்மவுத் கல்லூரியில் பணியாற்றிய தாவரச் சூழலியலாளர் எஃப். ஹெர்பர்ட் போர்மன், நீரளவுடன் நீரிலுள்ள வேதிப்பொருட்களையும் அளந்தால் காட்டின் ஊட்டப்பொருள் கணக்கைப் பெற முடியும் என்று 1960இல் வனத்துறை ஆய்வாளர் ராபர்ட் பியர்சுக்கு எழுதினார். ஏரிகளையும் ஓடைகளையும் ஆராய்ந்த ஜீன் லைக்கன்ஸ், புவியியலாளர் என். எம். ஜான்சன் ஆகியோரும் இணைய, 1963இல் ஆய்வு தொடங்கியது. தாவரம், நீர், பாறை, காடு ஆகிய நான்கு துறைகளின் அறிவு ஒன்றுசேர்ந்தமை இவ்வாய்வின் சிறப்பாகக் கருதப்படுகிறது.

ஆய்விடம்

இக்காடு ஏறத்தாழ 3,000 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட, கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. ஹப்பர்ட் புரூக் என்னும் ஓடை இதன் வழியாகப் பாய்ந்து பெமிகெவாசெட் ஆற்றில் கலக்கிறது. சர்க்கரை மேப்பிள், பீச், மஞ்சள் பிர்ச் ஆகியன இங்குள்ள முதன்மையான இலையுதிர் மரங்கள் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டதால், ஆய்வு தொடங்கியபோது இருந்தது மீண்டும் வளர்ந்துகொண்டிருந்த காடாகும்.

ஆண்டு மழைப்பொழிவு 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர் ஆகும். இதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பனியாகப் பொழிகிறது. மொத்தப் பொழிவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு ஓடைகளில் வெளியேறுகிறது. எஞ்சியது ஆவியாதல், தாவரங்களின் நீராவிப்போக்கு ஆகியவற்றால் வளிமண்டலத்துக்குத் திரும்புகிறது.

இவ்விடத்தின் மிக முக்கியமான இயல்பு அதன் அடிப்பாறை ஆகும். நீர் எளிதில் ஊடுருவ முடியாத இப்பாறையின் காரணமாக, மண்ணில் இறங்கும் நீர் ஆழத்துக்குக் கசிந்து மறைவதில்லை. அந்நீர் சரிவின் அடியிலுள்ள ஓடையையே வந்தடைகிறது. எனவே ஓடையின் வாயில் ஒரே ஓர் இடத்தில் அளந்தால், நீரில் கரைந்து வெளியேறும் பொருள் ஏறத்தாழ முழுமையாகக் கணக்கில் வந்துவிடுகிறது.

அளவிடும் முறை

ஒவ்வொரு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியின் அடியிலும் முக்கோண வெட்டுடைய காங்கிரீட்டுத் தடுப்பு ஒன்று பாறையின் மீது கட்டப்பட்டுள்ளது. வெட்டின் வழியே வழியும் நீரின் உயரத்தைக் கொண்டு நீரோட்டத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. மழைமானிகள் பொழிவின் அளவைத் தருகின்றன. மழைநீரும் ஓடைநீரும் வாரந்தோறும் சேகரிக்கப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்படுகின்றன.

நீரின் கனவளவை அதிலுள்ள தனிமத்தின் செறிவால் பெருக்கினால் அத்தனிமத்தின் நிறை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு ஹெக்டேர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர் ஆகும். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் நீர் வெளியேறினால் அது 80 லட்சம் லிட்டர் ஆகும். அந்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 1 மில்லிகிராம் கால்சியம் இருந்தால், ஹெக்டேருக்கு 8 கிலோகிராம் கால்சியம் அவ்வாண்டில் வெளியேறியதாகப் பொருள்.

இம்முறையின் மற்றொரு பயன் ஒப்பீடு ஆகும். அருகருகே உள்ள பகுதிகள் ஒரே தட்பவெப்பமும் ஒத்த மண்ணும் காடும் கொண்டவை. ஆகவே ஒன்றை மாற்றியமைத்து மற்றொன்றை மாற்றாமல் விட்டால், இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டை அம்மாற்றத்தின் விளைவாகக் கொள்ளலாம். 13.2 ஹெக்டேர் பரப்புள்ள 6ஆம் எண் பகுதி, மாற்றப்படாத ஒப்பீட்டுப் பகுதியாக இன்றளவும் பேணப்படுகிறது.

மாற்றப்படாத காட்டின் வரவு செலவு

முதல் பத்தாண்டு கால அளவீடுகளின் முடிவுகள் 1977இல் நூலாகவும் கட்டுரைகளாகவும் வெளியிடப்பட்டன. அவற்றின்படி கால்சியத்தின் ஆண்டுக் கணக்கு, ஒரு ஹெக்டேருக்கு, பின்வருமாறு அமைந்தது:

- மழை, பனி வழியாக வரவு: 2.2 கிலோகிராம்
- கனிமங்களின் சிதைவால் வரவு: 21.1 கிலோகிராம்
- ஓடை வழியாக இழப்பு: 13.9 கிலோகிராம்
- வளரும் மரங்களிலும் காட்டுத்தரையின் மட்கிலும் சேமிப்பு: ஏறத்தாழ 9.5 கிலோகிராம்
- தாவரங்கள் மண்ணிலிருந்து உறிஞ்சும் அளவு: 62.2 கிலோகிராம்

தாவரங்கள் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கால்சியம், வெளியிலிருந்தும் கனிமங்களிலிருந்தும் புதிதாக வரும் மொத்த கால்சியத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலாகும். இந்த மிகுதி, இலையாகவும் கிளையாகவும் வேராகவும் மண்ணுக்குத் திரும்பிய பழைய கால்சியத்திலிருந்தே கிடைக்கிறது. சுழற்சி நடைபெறுகிறது என்பதை இக்கணக்கு எண்களால் காட்டுகிறது.

நைட்ரஜனில் இது மேலும் தெளிவாகத் தெரிகிறது. மண்ணிலுள்ள கரிமப் பொருளைச் சிதைப்பவை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 70 கிலோகிராம் நைட்ரஜனைத் தாவரங்கள் பயன்படுத்தும் வடிவத்தில் விடுவித்தன. ஆனால் ஓடை வழியாக வெளியேறியது 4 கிலோகிராம் மட்டுமே. மழையில் வந்த 6.5 கிலோகிராமைவிடவும் இது குறைவாகும். எனவே அக்காலத்தில் காடு நைட்ரஜனைச் சேமித்துக்கொண்டிருந்தது.

காடழிப்புச் சோதனை

ஊட்டப்பொருட்களைத் தடுத்து வைப்பது உயிருள்ள தாவரங்களா அல்லது மண்ணா என்பதை அறிய, 15.6 ஹெக்டேர் பரப்புள்ள 2ஆம் எண் பகுதியில் சோதனை நடத்தப்பட்டது. 1965ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்த மரங்களும் புதர்களும் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டன. சாலை எதுவும் அமைக்கப்படவில்லை. ஆகவே பின்னர் காணப்பட்ட இழப்புகளுக்கு மரங்களை அப்புறப்படுத்தியதோ வண்டிகள் மண்ணைக் கிளறியதோ காரணமன்று. அடுத்து வந்த மூன்று கோடைக்காலங்களில் களைக்கொல்லி தெளித்து மறுவளர்ச்சி தடுக்கப்பட்டது.

இச்சோதனையின் முடிவுகள் பின்வருமாறு:

- ஓடையின் ஆண்டு நீரளவு, எதிர்பார்க்கப்பட்டதைவிட முதல் ஆண்டில் 39 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 28 விழுக்காடும் மிகுந்தது. நீராவிப்போக்கு நின்றதே இதற்குக் காரணம்.
- ஓடைநீரில் நைட்ரேட்டின் செறிவு, மாற்றப்படாத நிலையைவிட முதல் ஆண்டில் 41 மடங்காகவும் இரண்டாம் ஆண்டில் 56 மடங்காகவும் உயர்ந்தது.
- இரண்டு ஆண்டுகளின் சராசரிச் செறிவு கால்சியத்துக்கு 417 விழுக்காடும், மக்னீசியத்துக்கு 408 விழுக்காடும், பொட்டாசியத்துக்கு 1,558 விழுக்காடும், சோடியத்துக்கு 177 விழுக்காடும் கூடியது.
- குடிநீருக்குப் பரிந்துரைக்கப்பட்ட நைட்ரேட்டு எல்லையை ஓடைநீர் ஏறத்தாழத் தொடர்ந்து மீறியது.
- நிழல் இழந்த ஓடையின் வெப்பநிலை உயர்ந்து, ஊட்டம் மிகுந்த அந்நீரில் பாசி பெருகியது.

வெட்டப்படாத காட்டில் ஓராண்டு முழுவதும் சுழலும் நைட்ரஜனுக்கு நிகரான அளவு, வெட்டப்பட்ட பகுதியிலிருந்து ஓராண்டில் ஓடை வழியே வெளியேறியது என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இழப்பின் காரணம்

மரங்கள் வெட்டப்பட்ட பின்னரும் சிதைப்பவை தம் பணியை நிறுத்தவில்லை. மட்கிலிருந்து அமோனியம் தொடர்ந்து வெளிப்பட்டது. அதனை உறிஞ்ச வேர்கள் இல்லாததால், மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றின. இவ்வினையில் ஹைட்ரஜன் அயனிகளும் உண்டாகின்றன. மண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவையாதலால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்திருக்கும். ஹைட்ரஜன் அயனிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை விடுவித்தன. எதிர்மின்னூட்டமுள்ள நைட்ரேட்டை மண் பெரிதும் பற்றி வைப்பதில்லை. ஆகவே நைட்ரேட்டும் விடுபட்ட நேர்மின் அயனிகளும் சேர்ந்து நீருடன் ஓடையை அடைந்தன. ஒரு தனிமத்தின் சுழற்சி அறுபட்டால் பிற தனிமங்களின் சுழற்சியும் குலையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

மீட்சி

களைக்கொல்லி நிறுத்தப்பட்ட பின் 1969 முதல் தாவரங்கள் மீண்டும் வளர்ந்தன. மண்ணில் புதைந்து கிடந்த விதைகளிலிருந்து முளைத்து விரைந்து வளரும் பின் செர்ரி மரம் இதில் முக்கியப் பங்கு வகித்தது. சில ஆண்டுகளில் நைட்ரேட்டு இழப்பு பெரிதும் குறைந்தது. எனினும் வெளியேறிய கால்சியம் போன்ற தனிமங்கள் உடனே ஈடுசெய்யப்படுவதில்லை. அவை பாறைகளும் கனிமங்களும் மெல்லச் சிதைவதாலேயே மீண்டும் கிடைக்க வேண்டும்.

விமர்சனம்

மரத்தொழிலில் யாரும் மூன்று ஆண்டுகள் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்பதால், இம்முடிவுகளை வழக்கமான மரவெட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்னும் கருத்து எழுந்தது. இக்கருத்து ஏற்கத்தக்கதே. தாவரங்களின் பங்கை அறிவதே அச்சோதனையின் நோக்கமாக இருந்தது. பின்னர் 4ஆம் எண் பகுதியில் 1970, 1972, 1974 ஆகிய ஆண்டுகளில் பட்டை பட்டையாக மரங்கள் வெட்டப்பட்டன. 5ஆம் எண் பகுதியில் 1983-84 குளிர்காலத்தில் முழு மரங்களும் வெட்டி அகற்றப்பட்டன. மறுவளர்ச்சி அனுமதிக்கப்பட்ட இச்சோதனைகளில் ஓடை வழி இழப்பு குறைவாகவும் குறுகிய காலத்துக்கும் இருந்தது. தாவரங்கள் எவ்வளவு விரைவாக மீள்கின்றனவோ அவ்வளவு விரைவாகக் கசிவு அடைபடும் என்பதை இவை உறுதிப்படுத்தின.

அமில மழை

ஊட்டப்பொருள் கணக்குக்காக 1963இல் சேகரிக்கப்பட்ட முதல் மழை மாதிரியின் பி.எச். மதிப்பு 3.7 ஆக இருந்தது. மாசற்ற மழைநீரின் மதிப்பு பொதுவாக 5க்கு மேல் இருக்கும். பி.எச். மதிப்பில் ஓர் அலகு குறைவது அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுவதைக் குறிக்கும் என்பதால், இது பெரிய வேறுபாடாகும். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் வெளிவரும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளே இதற்குக் காரணம் எனத் தெரிய வந்தது. 1970களில் வெளியான கட்டுரைகள் இதனைப் பரவலாக அறியச் செய்தன. 1990இல் ஐக்கிய அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்களுக்கு அடிப்படையான அறிவியல் சான்றுகளுள் இவ்வாய்வின் நீண்டகால அளவீடுகளும் அடங்கும்.

அதன் பின்னர் மழையின் அமிலத்தன்மை குறைந்தது. ஆனால் ஓடையும் காடும் எதிர்பார்த்த வேகத்தில் மீளவில்லை. பல பத்தாண்டுகளாக அமிலம் மண்ணின் கால்சியத்தைக் கரைத்து வெளியேற்றியிருந்ததே இதற்குக் காரணம் என 1996இல் வெளியான கட்டுரை விளக்கியது. தாவரங்களுக்குக் கிடைக்கும் நிலையில் மண்ணில் இருந்த கால்சியத்தில் பாதியளவு வரை ஐம்பது ஆண்டுகளில் இழக்கப்பட்டிருக்கலாம் என அது மதிப்பிட்டது. காட்டின் மொத்த உயிர்ப்பொருள் 1980களிலிருந்து கூடாமல் நின்றுவிட்டதும் கவனிக்கப்பட்டது.

கால்சியம் சேர்ப்புச் சோதனை

கால்சியக் குறைவுதான் காட்டின் நலிவுக்குக் காரணமா என்பதை அறிய, 11.8 ஹெக்டேர் பரப்புள்ள 1ஆம் எண் பகுதியில் 1999ஆம் ஆண்டு அக்டோபரில் வொலாஸ்டனைட்டு என்னும் கால்சியம் சிலிக்கேட்டுக் கனிமம் ஹெலிகாப்டர் மூலம் தூவப்பட்டது. அமில மழைக்கு முன்பு இருந்ததாக மதிப்பிடப்பட்ட நிலைக்கு மண்ணின் கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவருவது இதன் நோக்கமாகும்.

இப்பகுதியில் சர்க்கரை மேப்பிள் மரங்களின் நலமும் அவற்றின் நாற்றுகள் பிழைத்து வளர்வதும் மேம்பட்டன. முதல் மூன்று ஆண்டுகளில் மரங்கள் வழக்கத்தைவிட மிகுதியான நீரை ஆவியாக வெளியேற்றின. ஒப்பீட்டுப் பகுதியைவிட இங்கு உயிர்ப்பொருளும் கூடியது என 2014இல் வெளியான கட்டுரை தெரிவித்தது.

ஆனால் எதிர்பாராத விளைவும் ஏற்பட்டது. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் இப்பகுதியின் ஓடையில் நைட்ரேட்டு பெருமளவில் உயர்ந்தது. நைட்ரஜனைச் சேமித்து வந்த காடு அதனை இழக்கும் காடாக மாறியது என 2016இல் அறிவிக்கப்பட்டது. இழந்த ஒரு தனிமத்தைத் திரும்பச் சேர்ப்பது மட்டும் காட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

பிற சான்றுகள்

ஊட்டப்பொருள் சுழற்சிக்கு வேறு வகையான சான்றுகளும் உள்ளன.

- கதிரியக்கச் சுவடு: 1946இல் ஜி. ஈ. ஹட்சின்சனும் வி. டி. போவனும் ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லின்ஸ்லி குளத்தின் மேற்பரப்பில் கதிரியக்கப் பாஸ்பரசைச் சேர்த்தனர். அது குளத்தின் ஆழப்பகுதிகளுக்குச் சென்றதைப் பின்தொடர்ந்து, பாஸ்பரஸ் சுழற்சியை நேரடியாகக் காட்டினர்.
- நிலையான ஐசோடோப்புகள்: கடலில் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பி மடியும் சால்மன் மீன்களில் நைட்ரஜன்-15 ஐசோடோப்பு மிகுந்திருக்கும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளை ஒட்டிய மரங்களிலும் அதன் அடையாளம் காணப்படுகிறது. கடலின் நைட்ரஜன் காட்டை அடைவதற்கு இது சான்றாகும்.
- தொலைதூரத் தூசி: ஹவாய்த் தீவுகளின் மிகப் பழைய மண்ணில் பாறையிலிருந்து கிடைத்த பாஸ்பரஸ் பெரிதும் தீர்ந்துவிட்டது. அங்குள்ள காடுகளுக்கு ஆசியாவிலிருந்து காற்றில் வரும் தூசி பாஸ்பரஸ் அளிப்பதை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது.

முறையின் எல்லைகள்

சிறு நீர்ப்பிடிப்பு முறை நீரோடு வந்து நீரோடு செல்லும் பொருட்களுக்கே மிகப் பொருத்தமானது. மண்ணிலிருந்து வளிமமாக வெளியேறும் நைட்ரஜனை ஓடைத் தடுப்பால் அளக்க இயலாது. கனிமச் சிதைவால் கிடைக்கும் அளவும் நேரடியாக அளக்கப்படாமல், பிற எண்களிலிருந்து கழித்துப் பெறப்பட்டதாகும். நீர் ஊடுருவும் பாறை உள்ள இடங்களில் இம்முறையை அப்படியே பின்பற்ற முடியாது.

மேலும், வளர்ச்சி நின்ற முதிர்ந்த காடு நைட்ரஜனைச் சேமிக்காது, ஆகவே அதன் ஓடையில் நைட்ரேட்டு கூடும் என்பது 1970களில் முன்வைக்கப்பட்ட கருத்தாகும். ஆனால் ஹப்பர்ட் புரூக் ஒப்பீட்டுப் பகுதியில் உயிர்ப்பொருள் கூடுவது நின்ற பிறகும் ஓடையின் நைட்ரேட்டு குறைந்தே வந்தது. இதன் காரணம் குறித்துப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. குறுகிய கால அளவீடுகளைக் கொண்டு காட்டின் போக்கை முடிவு செய்வது தவறாகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

முக்கியத்துவம்

காட்டு மண்ணின் வளத்தை மண் மட்டும் காப்பதில்லை, உயிருள்ள வேர்களும் சிதைப்பவையும் இணைந்து நடத்தும் சுழற்சியே அதனைக் காக்கிறது என்பதை இவ்வாய்வு அளவீடுகளால் நிறுவியது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மரம் வெட்டுதல், குடிநீர்ப் பாதுகாப்பு, காற்று மாசுக் கட்டுப்பாடு ஆகியவை குறித்த கொள்கைகளில் இவ்வறிவு பயன்படுகிறது. ஆய்வை வழிநடத்திய லைக்கன்ஸ், போர்மன் ஆகிய இருவருக்கும் 1993இல் டைலர் பரிசும் 2003இல் நீலக்கோள் பரிசும் வழங்கப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

- அமில மழை
- உணவுச் சங்கிலி
- கார்பன் சுழற்சி
- நீர்ச் சுழற்சி
- நைட்ரஜன் சுழற்சி